அப்பா நீர்நாய் திரும்பி வந்த விவகாரம்

பாப்பாவின் அம்மாவுக்கு அன்புடன் எழுதுவது. நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்பதை, 'பரவாயில்லை' என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிடாமல் விவரமாகத் தெரிவிக்கவும்.

வழக்கம்போல் இந்த விடுமுறையிலும் நீங்கள் அங்கேயும் நான் இங்கேயுமாக ஒரே படங்களைப் பார்த்தோம். நீதிமன்றப் படத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் ஓர் ஆட்சேபணைகூட எழுப்பவில்லை, எனக்குப் பிடிக்கவில்லை. நீர்நாய்க் குடும்பம் பற்றிய அனிமேஷன் படம் நன்று. ஆனால் அதில்தான் எனக்கொரு சந்தேகம்.

"அப்பா நீர்நாய் திரும்பி வந்ததும் பாப்பா ஒரே கைதட்டல், போங்க!" என்று தொலைபேசியில் சொன்னாய். படத்தில் அப்பா நீர்நாய் வெள்ளத்தோடு போகிறது; திரும்புவதே இல்லை. என் நினைவு பிசகியிருக்கலாம் என்று மறுபடியும் பார்த்தேன். அறையில் உடன் தங்கியிருக்கும் கணக்காளர், "கார்ட்டூனையும் குறுக்கு விசாரணை பண்றீங்களா வக்கீல் சார்? பாவம், விட்டுடுங்க!" என்று சிரித்தார்.

நீங்கள் படத்தையே பார்க்கவில்லையோ என்று முதலில் ஐயுற்றேன். பிறகு வேறொன்று தோன்றியது. வெள்ளக் காட்சியில் பாப்பா அழுதிருப்பாள். நீ படத்தை நிறுத்திவிட்டு மீதியை நீயே சொல்லியிருப்பாய். சரிதானா?

சரியெனில், அந்த முடிவை உன் குரலில் பதிவு செய்து அனுப்பு. அப்பா நீர்நாய் எந்த வழியாக வீடு வந்தது என்பதும் அதில் இருக்கட்டும். பாப்பாவின் பாத அளவையும் அனுப்பு. செருப்பு வாங்கி வைக்கிறேன். என் விடுப்பு மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது. அதை அவளிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

அலுவலக வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். பாப்பா கேட்டால், அப்பாவும் அதே முடிவைத்தான் பார்த்தார் என்று சொல்.

உன்னுடையவன்