புள்ளி வைக்காத கல்

போதும். இவ்வளவு காலம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ செத்துப்போன பிறகு பேசுவதில் என்ன வீரம் என்று கேட்பாய். வீரம் இல்லை, சலிப்புதான். காலையிலிருந்து வலது சுட்டுவிரலில் கறுப்பு பெயின்ட் ஒட்டியிருக்கிறது. தின்னர் போட்டுத் தேய்த்தும் வாசனை போகவில்லை. சாப்பிடக் கையை வாயருகே கொண்டுபோனால் உன் ஞாபகம் வருகிறது.

நேற்று உன் மனைவி விழுப்புரத்திலிருந்து போன் செய்தார். எட்னாவும் ஹில்டாவும் கிறிஸ்துமசுக்கு அமெரிக்காவிலிருந்து மறுபடி வருகிறார்களாம். திண்டிவனம் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் தங்கள் கொள்ளுப்பாட்டியின் கல்லுக்குப் பெயின்ட் அடித்து வைக்கச் சொன்னார்களாம். "நீங்கதான் கூட நின்னு பாத்துக்கணும்ண்ணா. அந்தக் கல்லைப் படிக்கத் தெரிஞ்சவன் திண்டிவனத்துல ஒருத்தன்தான் இருக்கான்னு அவரு சொல்லிக்கினே இருப்பாரு" என்றார். வீட்டில் சொல்லியிருக்கிறாய். அந்தக் கிழவிகள் எழுதிய புத்தகத்துக்கு மட்டும் சொல்லவில்லை.

நீ விழுப்புரத்தில் வரலாறு நடத்தினாய், நான் திண்டிவனத்தில் தமிழ். உனக்குக் கார் ஓட்ட வராது. அதனால் அவர்கள் முதல் தடவை வந்தபோது வண்டியும் என்னுடையது, ஓட்டியதும் நான். பின்சீட்டில் இரண்டு கிழவிகளும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நீ முன்சீட்டிலிருந்து தமிழில் அவர்கள் கதையைச் சொன்னாய். கொள்ளுத்தாத்தா ஜெர்மனியிலிருந்து வந்து திண்டிவனத்தில் மிஷன் பள்ளி நடத்தியவர். மனைவி இங்கேயே இறந்துபோனாள். பிள்ளைகள் இருவர் அமெரிக்காவில் குடியேறினார்கள். போர்க்காலத்தில் ஜெர்மன் பெயர் என்றாலே அங்கே ஏச்சு. ஒருவர் பெக்கர் என்ற பெயரைப் பேக்கர் என்று ஆங்கிலமாக்கிக்கொண்டார். மற்றவர் மாற்ற மறுத்தார். இவரைக் கோழை என்று அவரும், அவரை வீம்புக்காரர் என்று இவரும் சொல்லி, இரண்டு வீட்டுக்கும் கல்யாணம், சாவுக்குக்கூடப் போக்குவரத்து இல்லாமல் போயிற்று. வயதான காலத்தில் இந்தப் பேத்திகள், பேக்கர் வீட்டு எட்னாவும் பெக்கர் வீட்டு ஹில்டாவும், குடும்ப வரலாற்றைச் சேர்ந்து எழுதலாம் என்று தொடங்கி, அட்டையில் எந்தப் பெயரைப் போடுவது என்பதில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

கல்லில் பாசி. நீ பாட்டில் தண்ணீரை ஊற்றினாய், நான் தேங்காய் நாரால் தேய்த்தேன். ‘பெககர’ என்று எழுத்து வந்தது. எனக்கு உடனே புரிந்தது. அந்தக் கல்லைக் கொத்தியவன் பழைய வழக்கப்படி எங்கும் புள்ளி வைக்கவில்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே ஒற்றைக் கொம்புதான் போட்டிருந்தான். "பெக்கர்னும் படிக்கலாம், பேக்கர்னும் படிக்கலாம். ரெண்டும் சரி" என்றேன்.

"யோவ் புலவரே, இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். நீ கல்லைத் தடவிக்கொண்டே சிரித்தாய். "புள்ளி வெக்காம வுட்டான் பாரு, அவன் மனுஷன்யா. ரெண்டு ஊட்டையும் உள்ள சேத்துக்கினான்."

வெயிலுக்குக் குடை எடுக்கக் கார் வரைக்கும் போனேன். திரும்பி வருவதற்குள் நீ ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாய். எட்னா ஹில்டாவின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். ஹில்டா உன் கையைப் பிடித்துக்கொண்டு "புரொபசர், புரொபசர்" என்றார். நான் குடையோடு நின்றேன். தோட்டக்காரர் நம்மைப் படம் எடுத்தார்.

புத்தகம் வந்தது. அட்டையில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருந்தன. கல்லைப் படித்தது நீ என்று ஒரு அத்தியாயம். படத்துக்குக் கீழே, ‘பேராசிரியரும் அவருடைய டிரைவரும்’. புத்தகத்தோடு விழுப்புரம் வந்தேன். கேன்டீனில் நாலு பேரோடு போண்டா தின்றுகொண்டிருந்தாய். "பேஜாரு பண்ணாதய்யா. வண்டி நல்லாத்தான ஓட்டுன? அதத்தான் போட்டுக்கீறாங்க." மேசையே சிரித்தது. அதற்குப் பிறகு உன் போனை நான் எடுக்கவில்லை. உன் சாவுக்கு வந்தேன். பந்தலுக்கு வெளியே கார் டிரைவர்களோடு நின்றேன். எனக்குக் கொடுக்கப்பட்ட இடம் அதுதானே.

இன்று காலை பெயின்டர் ஆரோக்கியம் எழுத்தெல்லாம் அடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். "சார், புள்ளி இல்லாம மொட்டையா கீது. வெச்சிடட்டா? வர்றவங்க எனக்கு எழுதத் தெரியலன்னு நெனச்சிக்குவாங்க."

தூரிகையை நானே வாங்கினேன். முதல் ககரத்துக்கு ஒன்று, ரகரத்துக்கு ஒன்று வைக்க வேண்டியதுதான். புள்ளி வந்துவிட்டால் அது இந்தக் காலத்து எழுத்து, ஒற்றைக் கொம்பு குறில்தான். பெக்கர் என்று ஆகிவிடும். தமிழ் தெரிந்த எவனைக் கேட்டாலும் அப்படித்தான் படிப்பான். எட்னா வெளியே. இரண்டு பெயரும் சரி என்ற உன் அத்தியாயம் பொய். என்னை டிரைவர் என்றவர்களுக்கு அது போதும் என்று தோன்றியது. குனிந்தேன். பெயின்ட் விரலில் வழிந்தது.

அப்போது அந்தக் கிழவிகள் திரும்பி வந்த வழி நினைவுக்கு வந்தது. கூட்டேரிப்பட்டில் வண்டியை நிறுத்தி அவித்த மல்லாட்டை வாங்கிக் கொடுத்தேன். ஒரே பொட்டலம். இருவரும் மாறிமாறிக் கடலையை உரித்துத் தின்றார்கள். எட்னா தோலையெல்லாம் ஹில்டாவின் மடியில் போட்டார், ஹில்டா அதைத் தட்டிவிடாமல் அடுத்ததை உரித்தார். கண்ணாடியில் அதைப் பார்த்தது நான் மட்டும்தான். நீ தூங்கிவிட்டாய்.

"வேணாம் ஆரோக்கியம். கல்லுல இருக்கறது மட்டும் போதும்."

"தப்பா இருக்கும் சார்."

"இருக்கட்டும்."

உன்னை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அந்த மேசையின் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லைக் கொத்தியவனைப் பற்றி நீ சொன்னதும் கூடவே இருக்கிறது. அது உன் சொல். அதையாவது என்னுடையது என்று எங்கும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

உறையின் மேல் உன் பெயரையும் விழுப்புரம் விலாசத்தையும் எழுதிவிட்டேன். உன் மனைவி பிரிப்பார், கையெழுத்தைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்வார். கீழே என் பெயரை எழுதவில்லை. புத்தகத்தில் அதை விட்டது நீ. இதில் நானே விடுகிறேன். இப்படியே தபாலில் போடப் போகிறேன்.