ஐந்து பறவை

1942 பெப்ரவரி 18

சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்த நாளிலிருந்து வானத்தில் கழுகு வட்டமிட்டாலும் வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். இவருக்கென்ன, பொழுது சாய்ந்தால் மர்சூக் நானாவின் கடைக்குப் போய் மைக்கின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். யுத்தம் தொடங்கிய வருஷம் நானா ஒரு ரேடியோப் பெட்டி வாங்கி, கம்பி இழுத்து, கடைத்தெருவிலும் சந்தையிலும் கோயிலடியிலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார். கொழும்புச் செய்தி முடிந்ததும் ஊர் அறிவித்தல்களை இவர் வாசிப்பார். எல்லோரும் அதை மாத்தளை ரேடியோ என்கிறார்கள். வீட்டில் எதைக் கேட்டாலும் 'ம்' என்கிற மனுஷனுக்கு அங்கே என்ன கம்பீரம்!

பெப்ரவரி 24

போலீஸிலிருந்து வந்து நானாவை எச்சரித்தார்களாம். யுத்தத்தைப் பற்றிச் சொந்தமாக ஒரு சொல் சொன்னாலும் உள்ளே போட்டுவிடுவார்களாம். குழாயில் பேசுவதைக் கேட்டுப் போலீஸ் துரைக்குச் சொல்ல யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்திருக்கிறாராம்.

"விட்டுருங்களேன் இந்த வேலைய" என்றேன்.

"காணாமப்போன மாட்டப் பத்தித்தானே சொல்றேன்? அதுக்குமா புடிப்பாங்க?" என்றார்.

பெப்ரவரி 26

தம்பி அழகையா வந்தான். காய்ச்சலில் பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டது. "அக்கா, இந்த மாசி மகத்துக்கு நான் பறவை எடுக்கிறேன்" என்றான். முதுகில் கொக்கி குத்தி, வண்டிக் கம்பத்தில் குப்புறத் தொங்கிக்கொண்டு வரும் காவடி. எனக்கு அதற்கும் பயம்.

மார்ச் 1

இவரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

நானும் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்! "நாளை காலை சுதுகங்கைக் கரையிலிருந்து ஐந்து பறவை புறப்பட்டு ஊரைச் சுற்றி வரும். பொதுமக்கள் ஒதுங்கி நிற்கவும்." இவ்வளவுதான். போன வருஷமும் இதையேதான் சொன்னார்.

நானா தொப்பிகூடப் போடாமல் ஓடி வந்தார். "தங்கச்சி, ஜப்பான்காரன்ட ப்ளேன் வாறதுக்குச் சாடை சொன்னாராம் எண்டு கூட்டிட்டுப் போறாங்க. மனுசன் தொங்குற காவடி எண்டு எவ்வளவு சொல்லியும் தொரை நம்புறாரில்ல. நாளைக்கிக் கண்டிக்கு அனுப்பப் போறாங்களாம்."

உளவு சொன்னால் சுட்டுவிடுவார்களாமே. ஐயோ, நான் யாருகிட்டப் போவேன்? அம்மா மாரி, உனக்காகச் சொன்ன வார்த்தைதானே அது — நீயே இப்படிப் பண்ணலாமா?

மார்ச் 2

நடந்ததை மறக்குமுன் எழுதிவிடுகிறேன்.

பறவை வண்டிகள் கடைத்தெருவுக்கு வந்ததும், தம்பியின் வண்டி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துப் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் இழுத்தேன். வண்டிக்காரர் திட்டினார். மேலே தொங்கிக்கொண்டிருந்த தம்பிதான், "விடுங்கண்ணே, அக்கா சொல்ற பக்கம் போங்க" என்றான். மற்ற நாலு வண்டியும் மேளமும் பின்னாலேயே வந்துவிட்டன.

ஸ்டேஷன் வாசலில் நின்றோம். தம்பியின் முதுகுத் தோல் கொக்கிகளில் இழுபட்டு நின்றதைப் பார்க்க முடியவில்லை. துரை வெளியே வந்தார், கூடவே கோட்டுப் போட்ட மொழிபெயர்ப்பாளர்.

"ஐயா, இதுதாங்க பறவை! எண்ணிக்கங்க, அஞ்சு!" கத்தியேவிட்டேன்.

மொழிபெயர்ப்பாளரின் முகம் வெளுத்துப்போனது. "இது தூக்குக்காவடியெல்லோ! இதையோ நீங்கள் பறவை எண்டு சொல்லுறனீங்கள்? எங்கட ஊரில பறவை எண்டா..." பாதியில் நிறுத்திவிட்டு, துரையிடம் இங்கிலீஷில் மளமளவென்று சொன்னார். துரை தம்பியைச் சுற்றி வந்து பார்த்தார். திரும்பி உள்ளே போனார்.

இருட்டுமுன் இவரை விட்டுவிட்டார்கள். எடுத்துப்போன மைக்கை மட்டும் தரவில்லை.

மார்ச் 15

குழாயில் இப்போது கொழும்பு மட்டும்தான் பேசுகிறது. ஊரில் ஆகாய விமானத்துக்குப் பறவை என்றே பெயராகிவிட்டது. சந்தையில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இவர் வாயைத் திறக்குமுன் என் முகத்தைப் பார்க்கிறார். காலையில் "காக்கா..." என்று தொடங்கி, அப்படியே நிறுத்திக்கொண்டார்.

ஏப்ரல் 5

கொழும்பில் குண்டு போட்டுவிட்டார்கள். குழாய் சொல்லி முடிப்பதற்குள் கடைத்தெருவில் ஆளில்லை.

மத்தியானம் மலைக்கு மேலாக ஒரு விமானம் போனது. யாருடையதோ. தெருவெல்லாம் ஒரே கூச்சல், "பறவை வருது! பறவை வருது!" என்று. எங்கள் வாசலில் ஒதுங்க ஓடி வந்தவர்களில் அந்த மொழிபெயர்ப்பாளரும் இருந்தார். அவரும் அதே சொல்லைத்தான் கத்திக்கொண்டு வந்தார்.

நான் இவரைத் தேடி உள்ளே ஓடினேன். மேசைக்கடியில், இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.