பெண் வீட்டார் உட்காராத விருந்து

சேசு மரி சூசை துணை

விளாங்குடி,
மதுரை.

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு அப்பா ஆசீர்வாதம் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் மக்கர் பண்ணுகிறது, மற்றபடி குறையில்லை. ஹாலந்துக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே தினசரி ஜெபம். நேற்றிலிருந்து போனுக்கு மேல் போனாக அடிக்கிறாய், நாங்கள் எடுக்கவில்லை என்று கோபப்படாதே தாயி. பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்கிறாள் உன் அம்மா, என்னைப் பேசவிட்டாலோ நடந்ததை முன்னும் பின்னுமாகக் குழப்பிவிடுவேனாம், அதனால் ஒழுங்காக எழுதுங்கள் என்று காகிதத்தைக் கையில் கொடுத்து உட்கார வைத்திருக்கிறாள். எழுதி முடித்ததும் ஸ்டீபன் சித்தப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்புவான். முடிவு என்ன என்று கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, அப்பா மேல் ஆணை, வரிசையாகப் படி.

உன் ரூபனின் அப்பாவும் அம்மாவும் நேற்று நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார்கள். தேக்கடியில் யானை பார்த்துவிட்டு அங்கிருந்து கார் பிடித்து நம்மைப் பார்ப்பதற்கென்றே மதுரைக்கு வந்தார்கள் பார், அதற்கே ஒரு கும்பிடு போட வேண்டும். கிறிஸ்துமசுக்கு வந்தபோது அந்த ஊர்ப் பையன் ரூபனைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று நீ கேட்டதிலிருந்து உன் அம்மா பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடி உனக்குத் தெரியும். பையனை அப்புறம் பார்க்கலாம், முதலில் அவன் ஆத்தாளைப் பார்க்க வேண்டும், கண்காணாத தேசத்தில் என் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் மண்டையிடி என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பவளா, கதவைச் சாத்திக்கொள்பவளா என்று எனக்குத் தெரிய வேண்டும், அது தெரியாமல் சரி என்று சொல்ல மாட்டேன் என்று கறாராக இருந்தாள். நானும் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், மசியவில்லை. ஆகவே நேற்றைய விருந்து வெறும் விருந்து இல்லை பாப்பா, உன் கல்யாணமே அந்த இலையில்தான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வாருங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். நம் ஊரில் பன்னிரண்டு என்றால் என்ன அர்த்தம், கிளம்பவே பன்னிரண்டு ஆகும், பாத்திமா கல்லூரிப் பக்கம் டிராபிக்கில் மாட்டிக்கொண்டு வந்து சேர ஒன்றரை ஆகும், அந்தக் கணக்கில் நான் சாவகாசமாகத் தலைக்கு மை பூசிக்கொண்டு பனியனும் கைலியுமாகக் கொல்லைப்புறம் உட்கார்ந்திருந்தேன். மாதா கோயில் மணி பன்னிரண்டு அடிக்கிறது, வாசலில் கார் நிற்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சொன்ன நேரத்துக்கு விருந்தாளி வந்து நின்றால் ஒரு மனுஷன் என்னதான் செய்வான். துண்டைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு போய்க் கை கொடுத்தேன். அவர் பெயர் வில்லெம், ஆள் நம் வீட்டு நிலைப்படிக்குக் குனிந்துதான் வர வேண்டும், அந்தம்மா மார்கிரீட். முண்டாசு ரொம்ப அழகு, இது உங்கள் ஊர் விசேஷ உடையா என்று அவர் கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன், வேறு என்ன சொல்ல.

முதல் சறுக்கல் வந்ததுமே நடந்தது. ஒரு பொட்டலம், நீல ரிப்பன் கட்டியது, அதை அந்தம்மா இரண்டு கையாலும் உன் அம்மாவிடம் நீட்டினார். உன் அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேராகப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். கொண்டுவந்தவர் முன்னால் பிரித்துப் பார்ப்பது பரிசுக்கு அலைந்தாற்போல இருக்கும் என்றுதானே நம் வளர்ப்பு. அந்தம்மா முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன், காரணம் புரியவில்லை. பதிலுக்கு நாம் எடுத்துவைத்திருந்த சுங்குடிச் சேலையைக் கொடுத்தால் அவர் அங்கேயே சரசரவென்று பிரித்து, மடிப்பை உதறி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். கிழிசல் இருக்கிறதா என்று பார்க்கிறா போல என்று உன் அம்மா என் காதைக் கடித்தாள். அப்புறம் வில்லெம் பையிலிருந்து ஒரு சாக்லெட் டப்பாவைத் திறந்து எனக்கு நீட்டினார். நானும் நாகரிகமாக, வேண்டாங்க, இருக்கட்டும் என்றேன். அந்த மனுஷன் சரி என்று மூடிப் பைக்குள் வைத்துவிட்டார் ஜெனிஷா. இரண்டாம் தரம் கேட்கவே இல்லை. அங்கே ஒருதரம் வேண்டாம் என்றால் வேண்டாம்தானாம், இதை நீ எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். நீயும் அங்கே யாராவது காப்பி வேணுமா என்று கேட்டால் நம் வழக்கப்படி மறுத்துக்கொண்டு நிற்காதே, பட்டினிதான் கிடப்பாய்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்த கதையைக் கேள். ஆட்டுக்கறிக் குழம்பு, சுக்கா, கோழி வறுவல், ரசம், தயிர், எல்லாம் காரத்தைப் பாதியாகக் குறைத்து உன் அம்மா விடியற்காலையிலிருந்து ஒண்டியாகச் செய்தது. மேஜையில் இரண்டே இலை. சம்பந்தி வீட்டார் சாப்பிடும்போது பெண் வீட்டார் கூட உட்காரலாமா, நின்று பரிமாறுவதுதானே முறை, அதனால் நான் ஒரு பக்கம், ஸ்டீபன் ஒரு பக்கம், உன் அம்மா கரண்டியோடு நடுவில். அவர்கள் சாப்பிடவில்லை. எங்களையே பார்க்கிறார்கள். நீங்களும் உட்காருங்கள் என்று வில்லெம் சொல்ல, நீங்கள் சாப்பிடுங்கள் என்று நான் சொல்ல, விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதையாகச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் பசி ஜெயித்து அவர்கள் ஆரம்பித்தார்கள். அவர்கள் ஊரில் வைத்ததை மிச்சம் விட்டால் சமைத்தவரை அவமதித்ததாக அர்த்தமாம், நம் ஊரிலோ இலை காலியானால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். வில்லெம் வழித்துச் சாப்பிட உன் அம்மா வைக்க, அவர் மறுபடியும் வழிக்க உன் அம்மா மறுபடியும் வைக்க, அந்த மனுஷனுக்கு நெற்றியில் வேர்வை ஊற்றுகிறது. மதினி போதும், ஆளைக் கொன்றுவிடுவீர்கள் என்று ஸ்டீபன் சொன்ன பிறகுதான் உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். இலையை மூடினால் போதும் என்று அர்த்தம் என யாராவது அவருக்குச் சொன்னோமா, இல்லை.

இதையெல்லாம் நினைத்து இப்போது சிரிக்கிறேன், அடுத்து நடந்தது சிரிக்கிற காரியம் இல்லை. மார்கிரீட் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, கண் கலங்கியிருக்கிறது, மெதுவாக இங்கிலீஷில் என்னிடம் கேட்டார். நான் கொண்டுவந்ததை உங்கள் மனைவி பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, எங்களோடு ஒரு வாய் சாப்பிடவில்லை, காவலுக்கு நிற்பதைப் போல மூன்று பேரும் நிற்கிறீர்கள், எங்கள் மகனை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நேராகவே சொல்லிவிடுங்கள், நாங்கள் வருத்தத்தோடு போய்விடுகிறோம் என்றார். முப்பது வருஷம் மைதானத்தில் லெப்ட் ரைட் சொன்ன வாத்தியார் நான், என் இங்கிலீஷ் அதற்குமேல் எங்கே போகும். உன் அம்மா என் கையைப் பிடித்து, அந்தம்மா ஏன் அழுறாக, என்ன சொல்றாக என்று உலுக்கினாள். சொன்னேன்.

“பிடிக்காமயா விடியமுன்ன இருந்து அடுப்படியில வேகுறேன்? நிக்கிறது மரியாதைக்குன்னு சொல்லுங்க” என்றாள்.

எப்படியோ தட்டுத்தடுமாறிச் சொன்னேன். வில்லெம் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, மரியாதை கொடுத்தது போதும், பக்கத்தில் உட்கார ஆள் கொடுங்கள் என்றார். நான் அதையும் தமிழில் சொன்னேன். சொல்லி வாயை மூடவில்லை, உன் அம்மா விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய் ஒரு இலையை எடுத்துவந்து அந்தம்மா பக்கத்தில் போட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். மதினி, பொண்ணு வீட்டுக்காரங்க நாம என்று ஸ்டீபன் இழுத்தான், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளே சோறு போட்டுக்கொண்டு, வழக்கம்போலச் சட்டியின் ஓரத்தில் கிடந்த கழுத்தெலும்பையும் கொஞ்சம் குழம்பையும் ஊற்றிக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் தனக்கு அதைத்தான் வைத்துக்கொள்கிறாள், நானும் பார்த்துப் பார்த்து, அவளுக்கு எலும்புதான் பிடிக்கும்போல என்றே இருந்துவிட்டேன்.

அந்தம்மா அந்த இலையைப் பார்த்தார். தன் இலையைப் பார்த்தார். எழுந்து, சட்டிக்குள் துழாவி நல்ல நெஞ்சுக்கறியாக நாலு துண்டு எடுத்து உன் அம்மா இலையில் வைத்தார். எந்தக் கையால் என்று நினைக்கிறாய், இடது கையால். அவர் எல்லாவற்றுக்கும் இடது கைக்காரர். யாராவது இடது கையால் ஒரு பழம் நீட்டினால்கூட வாங்காமல் முறைப்பவள் ஆயிற்றே உன் அம்மா. அவள் நிமிர்ந்து அந்தம்மா முகத்தைப் பார்த்தாள், பிறகு அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டே நல்லாருக்கு என்று தலையசைத்தாள், தான் சமைத்ததையே அவர் சமைத்ததுபோல. அதற்குப் பிறகு எனக்கும் ஸ்டீபனுக்கும் இலை போட்டு எங்களையும் உட்கார வைத்துவிட்டார்கள். பரிமாறியது யார் என்கிறாய், வில்லெம். சோற்றை வைக்கச் சொன்னால் மலையாகக் குவித்துவிட்டு, இப்போது உங்கள் முறை, மிச்சம் விடக் கூடாது என்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறார்.

சாப்பாடு முடிந்ததும் உன் அம்மா பீரோவைத் திறந்து பொட்டலத்தை எல்லார் முன்னாலும் பிரித்தாள். மேஜை விரிப்பு, கொக்கி ஊசியால் அந்தம்மாவே பின்னியதாம். தையல் டீச்சர் அவள், சும்மா விடுவாளா, திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தாள், முடிச்சு எங்கே என்று தேடினாள், கிடைக்கவில்லை. அதன் பிறகு இரண்டு பேரும் ஒரு வார்த்தை பொதுவான பாஷை இல்லாமல், ஊசியும் நூலுமாக ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், நானும் வில்லெமும் வெட்டிப்பயல்கள்போல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவர்கள் கார் திண்டுக்கல் ரோட்டில் திரும்புகிற வரைக்கும் உன் அம்மா கேட்டைப் பிடித்தபடியே நின்றாள். அப்புறம் என்ன முடிவு என்று நான் பயந்து பயந்துதான் கேட்டேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

“நான் எலும்ப வச்சுக்கிட்டத இம்புட்டு வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்லைங்க. அந்தம்மா ஒரே நாள்ல பாத்துட்டாக. நம்ம பிள்ள இலையையும் பாப்பாக. குடுத்துருவோம்.”

எனக்கு வெட்கமாகவும் இருந்தது தாயி, சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது, தெருவில் நின்று விசில் அடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். இன்று மதியம் நல்ல கறியை நானே எடுத்து அவள் இலையில் வைத்தேன், ரொம்பத்தான் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டுவிட்டாள்.

சகல புனிதரும் உன்னைக் காத்து, நீ கால் வைக்கிற வீடு நிறைந்திருக்க எங்கள் இருவரின் ஆசீரும் என்றும் உனக்கு உண்டு. ஒரு காரியம் மறக்காதே, பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டேன், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும் என்றால் ஞானஸ்நானச் சான்றிதழ் கையில் வேண்டுமாம். மாப்பிள்ளையின் சான்றிதழைச் சீக்கிரம் அனுப்பச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
ச. ஆசீர்வாதம்