ஏற்பிகள் முளைக்கும்வரை

அன்புள்ள மாமா,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் வத்தல்மலைக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு ஜெயபிரியாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பாப்பா தூங்குகிறாள். முள் குத்திய புண்ணின் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம்.

"அழற்சி முத்தினா செல்லுக்குள்ள ஆக்சிஜன் நச்சு பெருகுதுங்க. அதுல வெள்ளணுங்க, கிருமி வந்த சேதிய வாங்குற ஏற்பிகளையே உதிர்த்துடுதுங்க. தன்னைக் காப்பாத்திக்கத்தான். ஆனா அப்புறம் சேதி எட்டாது" என்றார் டாக்டரம்மா.

"திரும்ப முளைக்குங்களா?" என்று கேட்டேன்.

"முளைக்கும். அதுவரைக்கும் பாப்பா தாங்கணும்."

ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை அறையின் கண்ணாடிக் கதவருகே நிற்கிறேன். உள்ளே விடமாட்டார்கள், வெளியே போகக் கால் வரவில்லை.

சாமை அறுவடையை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். அவளுடைய பச்சைப் பாவாடையையும் எடுத்துவாருங்கள். வீட்டுக்கு எப்படிக் கூட்டிவந்தாலும் அவளுக்கு அதைத்தான் உடுத்திவிடுவேன்.

உங்கள் வீட்டுக்காரி