தொட்டிலில் தூங்கிய ஜவ்வரிசி

நங்கையா,

இன்று பரணிலிருந்து பழைய தொட்டில் ஸ்பிரிங்கை இறக்கினேன். துருவும் தேங்காய் எண்ணெயும் கலந்த அதே வாசனை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என் மகள்தான் காரணம். "ஸ்பிரிங்ல தொங்குற எடையப் பூமிதானம்மா இழுக்குது? அப்பறம் ஆடுற நேரத்துக்கான சூத்திரத்துல புவியீர்ப்பே ஏன் வரல?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. என் அண்ணன் மனைவியாக வந்து, இதே ஸ்பிரிங்கில் அவளை ஆட்டிய இயற்பியல் டீச்சர் நீங்கள், போன மழைக்காலத்தில் செத்துப்போய்விட்டீர்களே என்று உங்கள்மேல் கோபம்தான் வந்தது.

இவள் குறைமாதத்தில் பிறந்தபோது நான் மல்லசமுத்திரத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். அடுத்த முறை வரும்போது எடை ஏறியிருக்காவிட்டால் சேலத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை எப்படித் தெரிந்துகொள்வது? பச்சைப் பிள்ளையைத் தராசில் வைத்தால் கண் பட்டுவிடும் என்று அம்மா ஒரே பிடிவாதம்.

தொட்டில் நாளுக்கு நாள் கீழே இறங்குவதைப் பார்த்து, எடை ஏறுகிறது என்று நான் பூரித்துப்போனேன். நீங்கள்தான் சேலையை இழுத்துப் பார்த்தீர்கள்.

"சேலை நைஞ்சு நீண்டிருக்குது கண்ணு. எறக்கத்த நம்பாத. ஏறி எறங்க எவ்வளவு நேரமாகுதுன்னு பாரு. கனம் கூடுனா ஆட்டம் மெதுவாகும்."

அன்றிலிருந்து சாயங்காலமானால் கைக்கடிகாரத்தோடு தொட்டிலருகே நிற்பீர்கள். பிறகு பிள்ளையை என் மடியில் கொடுத்துவிட்டு, தொட்டிலில் ஜவ்வரிசிப் பையை வைப்பீர்கள். பிள்ளை ஆடிய அதே நேரத்தில் பையும் ஆடும்வரை ஒவ்வொரு பிடியாகச் சேர்ப்பீர்கள். கடைசியில் பையைத்தான் நிறுப்பீர்கள், பிள்ளையை அல்ல.

"வெறுந்தொட்டில ஆட்டுனா புள்ளைக்கு ஆகாதுன்னு தெரியாதா?" என்று அம்மா சத்தம் போட்டார்.

"வெறுந்தொட்டில் இல்லீங்க அத்தை. ஜவ்வரிசி தூங்குதுங்க."

அம்மாவே சிரித்துவிட்டார்.

சில நாள் பையில் ஒரு பிடிகூட ஏறவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்களும் திரும்பத் திரும்ப ஆட்டிப் பார்த்தீர்கள். பிறகு ஒருநாள், "இன்னொரு பிடி கொண்டா சாமி" என்றீர்கள். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். டாக்டரின் தராசும் அதையே சொன்னது. சேலம் போக வேண்டியிருக்கவில்லை. அந்தப் பையை அப்படியே பாயசமாக்கினீர்கள்.

இன்று ஸ்பிரிங்கை மாட்டிச் சேலையைக் கட்டியதும், மகள் வெறுமனே ஆட்டப் போனாள். "இரு!" என்று கத்திவிட்டு ஜவ்வரிசி எடுக்க ஓடினேன். பையில் கொட்டி எடுத்துவந்து வைத்ததும் தொட்டில் கொஞ்சம் இறங்கி நின்றது. அப்போதுதான் நீங்கள் என்றோ சொன்னது நினைவுக்கு வந்தது. "பூமி இழுக்கறது தொட்டில் நிக்கிற எடத்தத்தான் எறக்கும். அதுக்கு ஸ்பிரிங் நீண்டு ஈடு குடுத்துருது. மீதி ஆட்டம் ஸ்பிரிங்குக்கும் கனத்துக்கும் உள்ளது." மகளிடம் சொன்னேன். லேசாக இழுத்துவிட்டாள், இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். நேரம் மாறவே இல்லை என்று வியந்தாள்.

"நிறுக்காமயே கொட்டுனியே, இது எவ்வளவும்மா?"

"டாக்டர்கிட்டக் கொண்டுபோன அன்னைக்கு இருந்த நீ."

பையைத் தூக்கிப் பார்த்து, "இவ்வளவுதானா!" என்றாள்.

இவ்வளவுதான், நங்கையா. தராசு வேண்டியதில்லை. அந்தக் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது.