பூதம் தரையைத் தட்டிய காட்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? அம்மா சுகமா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். துணைக்கு வந்த அத்தைக்குத்தான் இருமல்.

எங்கள் தொடரில் பூதம் வந்தால் பார்க்கிறார்கள், நாங்கள் அழுதால் சேனலை மாற்றுகிறார்கள் என்று டைரக்டருக்கு ஒரே கவலை. "பூதமும் கண்ணீரும் ஒரே ஷாட்ல வரணும்" என்றார். அதனால் பூதம் என் மடியில் சாகும் காட்சியை எடுத்தார்கள்.

பூத உடைக்குள் இருப்பவரை நான் மாமா என்பேன். மூச்சு முட்டினால் அவர் தரையைத் தட்டுவார், உடனே ஜிப்பைத் திறக்க வேண்டும். பூதம் தரையில் அடித்துக்கொண்டு சாகட்டும் என்று டைரக்டர் சொன்னபோது, அந்த ஏற்பாடு ஒருவருக்கும் நினைவில்லை. எனக்கும்தான்.

மாமா தட்டினார். "மாமா பின்றாரு!" என்றார் கேமராமேன். தட்டல் ஓய்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. "மாமா! மாமா!" என்று கதறினேன். நன்றாக அழுகிறேன் என்று கேமராவை ஓடவிட்டார்கள். நானே ஜிப்பைப் பிய்த்துத் திறந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர் இன்னும் கண் திறக்கவில்லை. பயப்படாதீர்கள், எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"அந்த ஷாட்டை வெட்டிருங்க சார்" என்று கெஞ்சினேன்.

"இன்னைக்குத்தான் பாப்பா நீ நடிச்சிருக்கே" என்றார் டைரக்டர். வெள்ளிக்கிழமை காட்டப்போகிறார்கள்.

என் நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அம்மாவின் பழைய போர்வையை அனுப்புங்கள், துவைக்காமலே அனுப்பலாம். வேன் ஹாரன் அடிக்கிறது.

வெள்ளிக்கிழமை மட்டும் டிவி போடாதீர்கள், அப்பா. அதில் நான் நடிக்கவில்லை.

உங்கள் மகள்