மல்லப்பாவின் கைநாட்டு

12-8-1955, வெள்ளி.

இன்று உத்தனப்பள்ளி கல்குவாரிக்குச் சேலத்திலிருந்து தொழிலாளர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். போன மாதம் வெடி வைத்தபோது இரண்டு கண்ணும் போன மல்லப்பாவை அவன் மனைவி நிங்கம்மா கைபிடித்துக் கூட்டிவந்தாள். மைசூர்ப் பக்கத்து ஆட்கள். அங்கிருந்து வருகிறவர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்பது காண்ட்ராக்டர் உத்தரவு. எழுதாமல் விட்டவன் ரைட்டரான நான்.

"இங்க வேலை பார்த்தவன்னா நஷ்டஈடு அவன் உரிமை. பேர் இருக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க. இந்த ஆளை நான் பார்த்ததே இல்லீங்க."

மல்லப்பா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "ரைட்டர் சாமிதானே? தினமும் காலையில என் பேரைச் சொல்லிக் கூப்புடுவீங்களே, மறந்துட்டீங்களா சாமி?"

நான் பதிவேட்டை அதிகாரி பக்கம் நகர்த்தினேன். மல்லப்பாவின் வாக்குமூலத்தை என்னையே எழுதிக் கைநாட்டு வாங்கி அனுப்பச் சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

இங்கே ஒருநாளும் வேலை செய்ததில்லை என்று மல்லப்பா சொன்னதாக எழுதினேன். அவன் கட்டைவிரலில் மை தடவி நானே பிடித்து அழுத்தினேன்.

"நல்லதாத்தானே எழுதியிருக்கீங்க சாமி?" என்றாள் நிங்கம்மா.

"நல்லதாத்தான்."

அவள் என்னைக் கும்பிட்டாள். அவனையும் என் பக்கம் திருப்பி நிறுத்திக் கும்பிடச் சொன்னாள்.